ஏழு கொழுந்தும் ஏழு பூவும்

தர்ஷினி, கஜன், இரண்டு பேரும் ஆற அமர உட்கார்ந்து இதைப் படியுங்கள். போனில் சொல்லலாம் என்றுதான் பார்த்தேன். பாதியில் அம்மா புகுந்து தன் கதையை ஆரம்பித்துவிடுகிறாள். ஆகவே எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்புவரை படித்தவன். பிழை இருந்தால் தர்ஷினி திருத்திக்கொள்ளட்டும், டீச்சர்தானே.

போன மாதம் நீ ஒரு படம் அனுப்பியிருந்தாய், தர்ஷினி. அக்கரப்பத்தனைப் பக்கம் இப்போது ஓட்டலாக இருக்கிற பெரிய பங்களாவுக்கு உங்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் எல்லோரும் டீ குடிக்கப் போனதாகவும், சாப்பாட்டு அறையின் சீலிங்கை எல்லோரும் அண்ணாந்து பார்த்ததாகவும் எழுதியிருந்தாய். "இது நீங்க செஞ்சதாப்பா? ஏன் எங்ககிட்ட ஒன்னுமே சொல்லல?" என்று கேட்டாய். நான் சொல்லவில்லைதான். அப்பா காலையில் போனார், சாயங்காலம் வந்தார் என்பதுதான் உங்களுக்குத் தெரியும். அப்படிச் சாயங்காலம் வர முடிந்ததே அந்த சீலிங்கால்தான். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

அதே வாரம் என்னோடு முன்பு வேலை செய்த பையன்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். மேசனை 'பாஸ்' என்று கூப்பிடுகிற பழக்கம் அவர்களுக்கு இன்னும் போகவில்லை. இப்போதெல்லாம் சீலிங் பூ பெட்டியில் வருகிறது, பசை போட்டு ஒட்டிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகலாம். "நீங்க ஏன் பாஸ் இதுக்குப்போயி மாசக்கணக்கா கெடந்தீங்க?" என்று கேட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு இருக்கிற கழுத்து வலி அவர்களுக்கு வர வேண்டாம்.

நான் வேலை பழகிய கதை சின்னது. தோட்டத்து மேசன் வேலைக்காரர்களோடு பதினாறு வயதில் சேர்ந்தேன். முதல் நாள் லயத்து வரிசை வீடுகளுக்கு வெள்ளையடிக்கச் சொன்னார்கள். அடித்தேன். வாசலில் படுத்திருந்த, வேலை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயாவின் நாய்க்கும் பாதி அடித்தேன். அதற்கு வாங்கிய திட்டு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அப்புறம் தண்ணீர் ஓடுகிற கான் கட்டினேன், கக்கூசு கட்டினேன், பங்களாக்களில் புகைபோக்கி ஒழுகினால் அடைத்தேன். சுண்ணாம்பும் சாந்தும் கைக்கு வந்துவிட்டன. தோட்டத்தில் அந்த வேலை நின்றுபோனதும் கொழும்புக்குப் போனேன். மாடிக் கட்டடங்கள், தகரக் கொட்டகையில் இருபது பேர் படுக்கை, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஊருக்கு பஸ். மூன்று வருடம் அப்படிப் போனது.

கஜன், அப்போது உனக்கு நான்கு வயது. ஒருமுறை நான் பையோடு வாசலில் வந்து நின்றபோது நீ உள்ளே ஓடி, "அம்மா, யாரோ ஒரு மாமா வந்திருக்காங்க" என்றாய். அம்மா சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். ஆனால் அன்றைக்கு முடிவு செய்தேன், இந்த மலையிலேயே ஒரு வேலை தேட வேண்டும் என்று.

அப்படித்தான் பெரிய பங்களா வேலை வந்தது. ஒரு கம்பெனி அதை வாங்கி ஓட்டலாக்கப் போவதாகச் சொன்னார்கள். பழுதுபார்க்கும் பொறுப்பு நிலூகா மேடத்திடம் இருந்தது. கண்டிக்காரர், பழைய கட்டடங்களைப் பழையபடி ஆக்குவதையே படித்தவர். வேலைத்தளங்களில் கேட்டுக் கேட்டே தமிழ் பழகியவர். முதல் நாளே விஷயத்தை ஒளிக்காமல் சொன்னார்.

"பாஸ், கம்பெனியில ரெண்டு பேச்சு இருக்கு. பழைய சீலிங் எல்லாம் ஒடச்சிட்டு, கொழும்பு ஆள் வந்து போர்டு அடிக்கிறது ஒன்னு. நீங்க பழசை சரியாக்கிறது இன்னொன்னு. சாப்பாட்டு ரூம் மட்டும் முதல்ல செய்யுங்க. மொதலாளி வந்து பாப்பார். புடிச்சா முழு வீடும் உங்களுக்கு. ரெண்டு வருஷ வேலை. புடிக்கலைன்னா இல்ல."

பிடிக்கவில்லை என்றால் எனக்கு மறுபடியும் கொழும்புதான். என்னோடு சேர்ந்த சந்தனம் சித்தப்பாவுக்கும் அதே நிலைமை. அப்போதுதான் அவன் சொந்த வீட்டுக்கு அத்திவாரம் போட்டிருந்தான்.

மேடத்தின் பழக்கங்களைச் சொல்ல வேண்டும். அறைக்குள் வரும்போது சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைப்பார். கையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி இருக்கும். அதை வயிற்றோடு தட்டையாகப் பிடித்துக்கொண்டு, குனிந்தபடியே நடந்து, பதினாலடி உயரத்து சீலிங்கை அங்குலம் அங்குலமாகப் பார்ப்பார். "கழுத்து நோகாம பாத்தாதான் நெறைய நேரம் பாக்கலாம்" என்பார். திட்டவே மாட்டார். சிங்களத்தில் "ஹரி" என்றால் சரி. அதை ஒருமுறை சொன்னால் வேலை முடிந்தது. "ஹரி, ஹரி" என்று இழுத்தால் திரும்பச் செய்ய வேண்டும். ஒன்றுமே சொல்லாமல் கண்ணாடியைக் கைப்பையில் வைத்தால், செய்ததை உடைத்தெடுக்க நாங்கள் உளியைத் தேடுவோம்.

அவருடைய சட்டமும் ஒன்றே ஒன்றுதான். முதலில் கழுவு, பிறகு அள, பிறகு வரை, அதற்கப்புறம்தான் கை வை.

அந்த சீலிங்கின் நடுவில் வண்டிச் சக்கரம் மாதிரி ஒரு பெரிய வட்டம். வட்டத்தின் ஓரத்தில் பன்னிரண்டு பூ வேலை, ஒவ்வொன்றும் கை விரித்த அளவு. கூரை ஒழுகி ஏழு விழுந்துபோய், ஐந்துதான் மீதி இருந்தன. இந்த வேலைப்பாடு எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் தேத்தண்ணி நேரத்தில் கேட்டேன். மேடம் ஒரு பெரிய புத்தகத்தின் பிரதியைக் காட்டினார். கோட்டுப் படங்கள், எல்லாம் சீலிங்கும் சுவரும் கதவும்.

"இதை வரைஞ்சவர் இங்கிலாந்தில இருந்த ஒரு கட்டடக்காரர். இருநூறு வருஷத்துக்கு மேல ஆகுது. இந்த பங்களாவைக் கட்டின துரை இவர் புத்தகத்தைப் பாத்து, இதே மாதிரி வேணும்னு இங்க கட்ட வச்சார்."

பெயரும் சொன்னார். எங்கள் வாயில் நுழையவில்லை. நாங்கள் புத்தகத்துக்காரர் என்றே வைத்துக்கொண்டோம்.

அவர் கதையை மேடம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வார், நாங்களும் ரொட்டியைக் கடித்துக்கொண்டே கேட்போம். புத்தகத்துக்காரரின் அப்பாவும் வீடு கட்டுகிறவர்தானாம். மகன் வாலிப வயதில் கப்பலேறி இத்தாலிக்குப் போய், இடிந்து கிடந்த பழைய அரண்மனைகளில் ஏறி இறங்கி, ஒவ்வொரு தூணையும் அளந்து வரைந்துகொண்டு வந்தாராம். திரும்பி வந்து பெரிய மனிதர்களுக்கு வீடு கட்டிக் கொடுத்தார். ஒரு அறை என்றால் அதில் உள்ளது எல்லாம் ஒரே கையில் வர வேண்டும் என்பது அவர் பிடிவாதம். சீலிங்கில் ஒரு பூ என்றால் கீழே விரிக்கிற கம்பளத்திலும் அந்தப் பூ, நாற்காலியின் முதுகிலும் அந்தப் பூ.

"கதவுக் கைப்பிடிய கூட அவரே வரைஞ்சார்" என்றார் மேடம்.

"கைப்பிடி வரைக்குமா? ஊட்டுல பொண்டாட்டி சும்மாவா விட்டுச்சு?" என்றான் சந்தனம்.

"அவர் கல்யாணம் பண்ணலை."

"அதான பாத்தேன். நேரம் இருந்திருக்கு."

மேடம் அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி புத்தகத்தில் சிந்தியது.

இனி நான் செய்த தப்பைச் சொல்கிறேன். அந்த வருடம் மழை விடவே இல்லை. சாரக்கட்டு போடவே பத்து நாள் பிந்திவிட்டது. மேடம் வேறொரு வேலைக்காகக் கண்டியில் இருந்தார். மீதியிருந்த ஐந்து பூவையும் நான் முதலில் சுத்தமாகக் கழுவியிருக்க வேண்டும். அந்த பங்களாவுக்குக் குடிவந்த துரை ஒவ்வொருவரும் தன் காலத்தில் ஒரு வெள்ளை அடிக்கச் சொல்லியிருக்கிறார். பூவின் மேல் அந்த வெள்ளை பணியாரம் மாதிரி தடித்துக் கிடந்தது. நான் ஒன்றே ஒன்றை மேலாகத் துடைத்துப் பார்த்தேன். நடுவில் ஒரு மேடு, கூர்மையாக நிமிர்ந்து நிற்கிறது. இரண்டு பக்கமும் ஒவ்வொரு மேடு, வளைந்து விரிகிறது.

என்னவென்று எனக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. பிறந்ததிலிருந்து பார்க்கிறோமே, இரண்டு இலையும் ஒரு அரும்பும். தேயிலைக் கொழுந்து!

களிமண்ணை அதன்மேல் அழுத்திப் பதிவு எடுத்தேன். அந்தக் குழியில் பிளாஸ்டரை ஊற்றி ஏழு செய்தேன். மொண்ணையாக வந்ததைக் கத்தியால் கூராக்கினேன். இலை ஓரத்தில் பல் வெட்டினேன், நடு நரம்பு கீறினேன். ஈரக் காற்றில் அவை காயப் பத்து நாள் ஆனது. ஒட்டி முடித்துக் கீழே இறங்கி நின்று பார்த்தபோது, புத்தகத்துக்காரர் இருந்தால் முதுகில் தட்டிக் கொடுப்பார் என்று நினைத்தேன்.

முதலாளி வருவதற்கு நான்கு நாள் இருந்தது. அன்று திங்கட்கிழமை. மத்தியானம் அம்மா மலையிலிருந்து நேராக எங்களுக்கு ரொட்டியும் சம்பலும் கொண்டுவந்தாள். கொழுந்துக் கூடையை வெளியே வைத்துவிட்டு உள்ளே வந்து அண்ணாந்து பார்த்தாள்.

"ஏங்க, துரை சாப்புடுற எடத்துல கொழுந்த ஒட்டி வச்சிருக்கீங்க?"

"அழகா இருக்கா, பார்வதி?"

"அழகுதான். முத்தின எல ஒன்னு கூட இல்ல. கங்காணி பாத்தாலும் கொற சொல்ல முடியாது."

"அண்ணி, அரும்பு இந்த சைசுல மொளச்சா ஏழே ஏழுல கூடை ரொம்பிரும், ஊட்டுக்குப் போயிரலாம்" என்றான் சந்தனம்.

அம்மா சிரித்துக்கொண்டே கேட்டாள்: "அந்தக் காலத்து வெள்ளக்காரருக்குக் கொழுந்து மேல அம்புட்டு ஆசையா? எங்கன பாத்தாராம், அவரு?"

கடித்த ரொட்டியை அப்படியே கீழே வைத்தேன். எங்கே பார்த்தார்? இந்த மலையில் முதல் தேயிலைச் செடி நடுவதற்கு எத்தனையோ காலத்துக்கு முன்பே செத்துப்போன மனிதர். இத்தாலியில் தூணை அளந்தவர் கொழுந்தை எங்கே கண்டார்?

கையைக் கழுவாமல் மேலே ஏறினேன். வெந்நீரில் துணியை நனைத்து ஒரு பழைய பூவின் மேல் வைத்து ஊறவிட்டேன். மூங்கில் சிராயால் மெதுவாகச் சுரண்டினேன். வெள்ளை தோல் தோலாக உரிந்தது. மூன்று மேடு என்று நான் நினைத்த இடத்தில் ஏழு இதழ் வந்தன. விசிறி மாதிரி விரிந்து, ஒவ்வொன்றின் நுனியும் உள்பக்கம் சுருண்டிருந்தது. பல்லும் இல்லை, நரம்பும் இல்லை.

சந்தனமும் ஏறி வந்து பார்த்தான். ஏழு இதழையும் விரலால் தொட்டு எண்ணினான்.

"அண்ணே, கழுவுனத திருப்பி வெள்ளையடிச்சிருவோம்" என்றான்.

"என்னடா சொல்ற?"

"பன்னெண்டுக்கும் தடியா வெள்ளையடிச்சா எது எலை, எது பூன்னு யாருக்குத் தெரியும்? பதினாலடி ஒசரம். மொதலாளி என்ன, ஏணி வச்சு எண்ணப் போறாரா?"

"மேடம் கண்ணாடி வச்சுப் பாப்பாங்களே."

"அவுங்க வெள்ளிக்கிழமதான் வருவாங்க, மொதலாளியோட. அவுங்க வாயத் தொறக்கிறதுக்குள்ள வேல நமக்கு வந்துரும். எனக்கு அத்திவாரம் மழையில நிக்குதுண்ணே. ஒங்களுக்குக் கொழும்பு பஸ்ஸுல ஏறணும்னு ஆசையா இருந்தா நீங்க மட்டும் ஏறுங்க."

அவன் சொன்னது தப்பென்று சொல்லி நான் பெரிய மனிதனாக நிற்கவில்லை, பிள்ளைகளே. எனக்கும் அதே எண்ணம் வந்தது. கீழே அம்மா கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு போவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு அரைமணி நேரம் சாரக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். வெள்ளையடித்தால் இரண்டு வருடம் வீட்டில் இருக்கலாம். ஆனால் அந்த இரண்டு வருடமும் தினம் இந்த அறை வழியாகத்தான் நடக்க வேண்டும். மேடம் எப்போது கண்ணாடியை எடுப்பார் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்படி என்னால் வேலை செய்ய முடியாது.

பங்களாவுக்கு மேலே தண்ணீர்த் தொட்டி மேட்டில்தான் சிக்னல் கிடைக்கும். மழையில் ஏறிப் போய் மேடத்துக்குப் போன் போட்டேன்.

"மேடம், நான் கழுவாம கை வச்சிட்டேன்."

"எத்தனை?"

"ஏழும்."

"எதையும் தொடாதீங்க. நாளைக்கு காலையில வர்றேன்."

மறுநாள் வந்தார். சப்பாத்தைக் கழற்றினார். கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு வட்டத்தைச் சுற்றி மூன்று முறை நடந்தார். நானும் சந்தனமும் சுவரோடு சுவராக நின்றோம். கண்ணாடியைக் கைப்பையில் வைக்கப் போகிறார் என்று நினைத்தபோது அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார்!

"நல்லா இருக்கு, பாஸ். உண்மையா நல்லா இருக்கு. நரம்பு கூட இருக்கு."

"அப்ப இருக்கட்டுமா, மேடம்?" என்று சந்தனம் பாய்ந்தான்.

"ஹரி, ஹரி" என்று இழுத்தார். சந்தனத்தின் முகம் விழுந்துவிட்டது. "இன்னொரு ஆள் எழுதின கடிதத்தில நாங்க பேனா வைக்கக்கூடாது தானே? நாங்க அவர் எழுத்தைத் திரும்ப எழுதிக் குடுக்கிற ஆள். உங்க கொழுந்தை உங்க வீட்டு சீலிங்கில வைங்க, நான் வந்து பாக்கிறேன். இங்க அது வராது. வெள்ளிக்கிழமைக்குள்ள முடியுமா?"

"செய்யலாம், காயாது. போன தடவை காயப் பத்து நாள் ஆச்சு. ஈரமா ஒட்டினா பாரம் தாங்காம விழுந்துரும்."

"அதுக்கு என்ன வழின்னு எனக்கும் தெரியாது" என்றார். முதல்முறையாக அவர் குரலிலும் பயம் இருந்தது. கம்பெனியிடம் எங்களுக்காகப் பேசியவர் அவர்தானே.

அன்று பகல் முழுக்க வேலைதான். ஐந்து பழைய பூவையும் கடைசித் தோல்வரை கழுவினேன். அளந்தேன், தாளில் வரைந்தேன். எது அதிகம் சேதப்படாததோ அதிலிருந்து பதிவு எடுத்தேன். அவன் என் கொழுந்துகளை ஒவ்வொன்றாக உளியால் கழற்றினான். ஒன்று உடையாமல் வந்தது. அதை மேடம் கேட்டு வாங்கித் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார். சாயங்காலம் ஏழு புதுப் பூவும் பலகையில் வரிசையாகக் கிடந்தன, தயிர் மாதிரி ஈரமாக.

சந்தனம் பலகையைப் பார்த்தபடி சொன்னான். "அண்ணே, ஈரத்தக் காய வைக்க இந்த மலையில ஒரே ஒரு எடந்தான் இருக்கு."

"எங்க?"

"ஸ்டோரு."

தேயிலை அரைக்கிற ஸ்டோரின் மேல்மாடியில் கொழுந்தை நீளத் தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து இளஞ்சூட்டுக் காற்றை விட்டு வாட்டுவார்களே, அந்த இடம். பச்சைக் கொழுந்தின் ஈரத்தையே எடுக்கிற காற்று பிளாஸ்டரின் ஈரத்தை எடுக்காதா? காலையில் இரண்டு பேரும் பலகையைச் சாக்கால் மூடித் தூக்கிக்கொண்டு, ஸ்டோருக்குப் பொறுப்பான டீ மேக்கர் ஐயாவிடம் போனோம்.

"ஐயா, ஏழு பூவு இருக்கு. ரெண்டு நாளு இங்க வச்சுக்கணும்" என்றான் சந்தனம்.

"பூவ ஏன்டா இங்க கொண்டாற? கோயிலுக்குக் கொண்டுபோ" என்றபடி சாக்கைத் தூக்கிப் பார்த்தவர், "அடப்பாவி, சுண்ணாம்பு!" என்று கத்தினார். "என் கொழுந்துல ஒரு பொட்டு வெள்ள விழுந்துச்சு, ஒங்க ரெண்டு பேரையும் சேத்து வாட்டிருவேன்!"

ஆனாலும் நல்ல மனிதர். முழுக் கதையையும் கேட்டார். கடைசிக் கோடியில் ஒரு தொட்டி சும்மா கிடந்தது. கழுவிய சாக்கு விரித்து, மேலே மெல்லிய துணி போர்த்தி, பூக்களை அதில் வைக்கவிட்டார். அன்றைக்கும் மறுநாளும் மணிக்கு ஒருமுறை யாராவது ஒருவர் போய்த் திருப்பிப் போட்டோம். கொழுந்து பரப்பும் பெண்கள், "அண்ணே, ஒங்க தொட்டி இன்னும் வாடலயா?" என்று கேட்டுக் கேட்டு மானத்தை வாங்கினார்கள். வியாழக்கிழமை பின்னேரம் ஒன்றை எடுத்து விரலால் சுண்டினேன். சட்டியைத் தட்டின மாதிரி கணீரென்றது. காய்ந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கடைசிப் பூவை ஒட்டிச் சாரக்கட்டைப் பிரித்தோம். பதினொரு மணிக்கு முதலாளி வந்தார். வந்ததும் மூக்கை உறிஞ்சி, "இங்கே என்ன, டீ வாசம் அடிக்கிறது?" என்று சிங்களத்தில் கேட்டார். சந்தனம் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

மேடம் கண்ணாடியை அவர் கையில் கொடுத்தார். அவரும் வட்டத்தைச் சுற்றி நடந்தார். "எது புதுசு?" என்றார். "நீங்களே சொல்லுங்கள்" என்றார் மேடம். அவர் யோசித்து ஒன்றைக் காட்டினார். அது பழையது. இன்னொன்றைக் காட்டினார். அதுவும் பழையது. மேடம், "ஹரி" என்று ஒருமுறை சொன்னார். எங்களைப் பார்த்துத்தான் சொன்னார்.

அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள் மேடம் முதலாளியிடம், "இந்த பாஸ் முதலில் ஏழையும் தப்பாகச் செய்தார்" என்றார். கைப்பையிலிருந்து கொழுந்தை எடுத்து அவர் கையில் வைத்தார். "யாருக்கும் தெரியாது. நானும் பார்க்கவில்லை. இவரே போன் பண்ணிச் சொல்லிவிட்டு, மூன்று நாளில் மாற்றினார். இந்த வீட்டில் இன்னும் பதினாலு அறை இருக்கிறது. எல்லா அறையிலும் என்னால் கண்ணாடியோடு நிற்க முடியாது."

முதலாளி கொழுந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நரம்பை விரலால் தடவினார். பிறகு என்னிடம் கேட்டார்.

"முழு வீடும் எவ்வளவு நாள்?"

"ரெண்டு வருஷம், சேர்."

"ஒன்றரை?"

"கழுவவே அர வருஷம் வேணும், சேர். ரெண்டு."

"சரி, ரெண்டு" என்றார். அவ்வளவுதான். சந்தனம் வெளியே ஓடிப்போய்ப் புல்வெளியில் மழையில் நின்று கத்தியது உள்ளே கேட்டது. "அவருக்கு என்ன?" என்று முதலாளி கேட்டார். "அத்திவாரம்" என்றார் மேடம்.

அந்த இரண்டு வருடம் மூன்றானது. அதன் பிறகு வேறு இரண்டு பங்களா, ஒரு பழைய கோவில் என்று முழங்கால் விட்டுக்கொடுக்கும்வரை இந்த மலையைத் தாண்டாமலே வேலை கிடைத்தது.

அன்றைக்கு நான் வெள்ளனவே, பொழுது சாயும் முன்பே, வீட்டுக்கு வந்துவிட்டேன். அம்மா மலையிலிருந்து இறங்கவில்லை. தர்ஷினிக்கு ஹட்டனில் வகுப்பு. கஜன் பக்கத்துக் காம்பரா வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தான். கட்டிலுக்கு அடியில் குனிந்து, கொழும்புக்குக் கொண்டுபோகிற பையை இழுத்தேன். எப்போது கூப்பிட்டாலும் கிளம்பத் தயாராக அதில் இரண்டு சட்டை, இடுப்பில் கட்டுகிற ஒரு சாரம், ஒரு துவாய் எப்போதும் மடித்தே இருக்கும். அவற்றை எடுத்து உதறி, உங்கள் பள்ளிக்கூட உடுப்புத் தொங்குகிற கம்பியில், அவற்றுக்குப் பக்கத்தில் மாட்டினேன். பையைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினேன். கொழும்பு மணல் ஒரு கைப்பிடி விழுந்தது. விளக்குமாற்றை எடுத்து அதைக் கூட்டி வெளியே தள்ளினேன்.